டியூப்லெஸ் டயர்: பாதி தார் ரோடு, பாதி ஆத்துக்கரை

பிப்ரவரி 2, கேள்வி

திருச்சியில இருக்கேன். கிராவல் பைக், அதாவது தார்லயும் மண்ணுலயும் ஓட்டற சைக்கிள், வாங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சு. 700சி வீல், ஃப்ரேம்ல 42 எம்எம் வரைக்கும் இடம் இருக்குனு போட்டிருக்கான். வாரநாள்ல தார் ரோடு, ஞாயித்துக்கிழமை கல்லணை பக்கம் கரை ரோடு, எப்பவாவது பச்சமலை. டியூப்லெஸ்ஸுக்கு மாறலாம்னு இருக்கேன். பட்டன் டயரா (ரப்பர் குமிழ் நீட்டிக்கிட்டு இருக்கறது), மொட்டை டயரா (வழவழனு வர்றது)? டியூப்லெஸ் போட்டா பஞ்சரே ஆவாதுனு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, உண்மையா?

பிப்ரவரி 2, ராத்திரி

பஞ்சரே ஆவாதுனு சொன்னவரு வண்டிய மொட்டை மாடியில வெச்சு துடைச்சுக்கிட்டு இருக்காரு போல. ஆவும். நிறையவே ஆவும். ஆனது உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான். வீட்டுக்கு வந்து டயரை சுத்திப் பாத்தா, உள்ள ஊத்தற சீலன்ட், அதான் ஓட்டைய அடைக்கற பால், வெள்ளையா அங்கங்க புள்ளி புள்ளியா ஊறி நிக்கும், ஒவ்வொரு புள்ளியும் டியூப்பா இருந்தா நீங்க வெயில்ல உக்காந்து ஒட்டியிருக்க வேண்டிய பஞ்சர்.

பட்டனா மொட்டையாங்கறது ரெண்டாவது கேள்வி, அத அப்புறம் பாப்போம். முதல்ல டயரோட உடம்பு எவ்ளோ தடிமன், பக்கச்சுவர் எப்படி, அத பாருங்க. அதுக்கும் முன்னாடி உங்க ரிம்ம பாருங்க. ரிம்ல டியூப்லெஸ் ரெடினு எழுதியிருக்கா? உள்ளகலம் என்ன? ஹுக், அதாவது டயர் விளிம்ப புடிச்சுக்கற உள்வளைவு, ரிம் சுவர்ல இருக்கா இல்லையா? இது தெரியாம டயர் பேரு சொல்றவன் பேச்ச கேக்காதீங்க, நான் சொன்னாலும் சேத்துதான்.

பிப்ரவரி 3

ரிம் உள்ளகலம் 21, ஹுக் இருக்குனு சொல்லியிருக்கீங்க, நல்லது. 38ல இருந்து 42 வரைக்கும் எதுவும் கச்சிதமா உக்காரும்.

ஹுக் ஏன் கேட்டேன்னா, இப்ப வர்ற கார்பன் ரிம் பலதுல ஹுக் கிடையாது, சுவர் நேரா நிக்கும். அதுக்கு காத்தழுத்தத்தோட உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. 40 எம்எம் டயர்ல நாம அவ்ளோ அடிக்கப் போறதில்லதான். ஆனா பஞ்சர் கடையில கம்ப்ரெஸர் குழாய சொருகிட்டு அண்ணன் டீ வாங்கப் போயிடுவாரு, அங்கதான் ஆபத்து. ஒல்லி டயருக்கு இது இன்னும் கெட்ட விஷயம். 2024 பிப்ரவரில யுஏஇ டூர் சைக்கிள் ரேஸ்ல பெல்ஜியம் வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தாரே, டயர் ரிம்ம விட்டுக் கழண்டு தொங்குச்சு, ஹுக் இல்லாத ரிம்ல 28 டயர். அதுக்கப்புறம் ஒரு மாசம் ரோடு பைக் உலகமே அதத்தான் பேசிச்சு. உங்களுக்கு அந்தக் கவலை இல்ல, தூங்குங்க.

பிப்ரவரி 3, கொஞ்ச நேரம் கழிச்சு

முள்ளு கணக்கு. நம்ம பக்கம் மூணு எதிரி.

ஒண்ணு நெருஞ்சி. அமெரிக்காக்காரன் கோட்ஹெட்னு சொல்லிப் பொலம்புறானே, அதே செடிதான், கரை ஓரத்துல மஞ்சப் பூ பூத்து அழகா படுத்திருக்கும். முள்ளு சின்னது, ஓட்டையும் சின்னது, சீலன்ட் உள்ள நல்லா இருந்தா சக்கரம் நாலு சுத்து சுத்தறதுக்குள்ள அடைச்சிடும். டியூப் போட்டு ஓட்டறவனுக்குத்தான் இது நரகம்.

ரெண்டு சீமைக்கருவேலம். இது வேற ஜாதி. வேலி வெட்டிப் போட்டு அள்ளாம விட்ட இடத்துல ஏறினீங்கன்னா நேரா உள்ள போயி ஒடிஞ்சு நிக்கும். பெரும்பாலும் சீலன்ட் இதையும் பாத்துக்கும், முள்ளே அடைப்பான் ஆயிடும். ஒடிஞ்சத நோண்டி எடுக்காதீங்க, வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்.

மூணாவது யாரும் சொல்ல மாட்டாங்க: லாரி டயர் கம்பி. லாரி டயர் வெடிச்சு சிதறின எடத்துல தலைமுடி தடிமன்ல இரும்புக் கம்பி கிடக்கும், ஒரு நகம் நீளம்கூட இருக்காது. பைபாஸ் ஓரத்துல ஓட்டறவனுக்கு பாதி பஞ்சர் இதாலதான். கண்ணுக்கே தெரியாது. டியூப்ப மாத்துவீங்க, கம்பி டயர்லயே இருக்கும், அரை கிலோமீட்டர்ல மறுபடி பஞ்சர், கடைக்காரர் டியூப் மட்டம்னு சொல்லுவாரு. டியூப்லெஸ்ல இந்தக் கூத்து இல்ல.

மூணையும் சேத்துப் பாத்தா உங்க ஓட்டத்துக்கு டியூப்லெஸ்தான். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

பிப்ரவரி 5

சரி டயர். கடையில கிடைக்கறத வெச்சு சொல்றேன், ஒரு டயர் நாலாயிரம் அஞ்சாயிரம்னு போகுது, அதனால யோசிச்சு வாங்குங்க.

பானாரேசர் கிராவல்கிங் எஸ்கே: சின்னச் சின்ன சதுர பட்டன் நெருக்கமா இருக்கும், தார் ரோட்டுல ஆச்சரியமா ஓடும். பொடிக்கல்ல பொறுக்கி உங்க கால் மேலயும் ஃப்ரேமோட கீழ்க் குழாய் மேலயும் எறிஞ்சுக்கிட்டே வரும், அந்த டிக் டிக் சத்தம் சிலருக்குப் புடிக்காது. ஷ்வால்பே ஜி-ஒன் ஆல்ரவுண்ட்: உருண்டை உருண்டை பட்டன், ஓட்டம் சொகுசு, நடு பட்டன் சீக்கிரம் தேயும். ஸ்பெஷலைஸ்டு பாத்ஃபைண்டர்: நடுவுல வழவழ பட்டை, ரெண்டு ஓரத்துல பட்டன். கான்டினென்டல் டெர்ரா ஸ்பீட்: வேகம், ஆனா மெல்லிசு. மேக்ஸிஸ் ரீஃபியூஸ்: கிட்டத்தட்ட மொட்டை, உள்ள பஞ்சர் தடுப்பு லேயர், வெயிட்டு கூட.

உங்களுக்கு என் ஓட்டு நடுவுல வழவழப்பு ஓரத்துல பட்டன். வாரத்துல அஞ்சு நாள் தார்ல போறீங்க, காஞ்ச கரை ரோட்டுல நேரா போறப்ப பட்டனுக்கு வேலையே இல்ல. வளைவுல கிராவல் மண்ணு லூசா கிடக்கும், வண்டிய சாய்க்கும்போது ஓரம்தான் மண்ணைத் தொடுது, அங்க பட்டன் இருந்தா போதும்.

பிப்ரவரி 5, மறுபடி

மொட்டை டயர் மழையில வழுக்காதானு கேட்டிருக்காரு ஒருத்தர். கார் டயர்ல தண்ணி மேல மிதக்கற பிரச்சினைக்குத்தான் கோடு வேணும். சைக்கிள் டயர் வட்டமா இருக்கு, ஒல்லியா இருக்கு, காத்து அழுத்தமும் கூட, நம்ம வேகத்துல தண்ணிய அதுவே ஒதுக்கிடும். ஈரத் தார்ல பிடிப்பு ரப்பர் கலவையப் பொறுத்தது, கோட்டப் பொறுத்தது இல்ல. வழுக்கறது வெள்ளைக் கோட்டுலயும் ரயில்வே கேட் தண்டவாளத்துலயும், அங்க எந்த டயரும் வழுக்கும்.

பிப்ரவரி 9

பக்கச்சுவர பாருங்கன்னு முதல் நாளே சொன்னேன், அதப் பத்தி தனியா எழுதறேன்.

பச்சமலைக்கு ஏறுற பக்கம் ரோடு வேலை நடந்துக்கிட்டு இருந்தப்ப ஜல்லி கொட்டி பரப்பி விட்டுட்டு ரோலர் வரல. ஒன்றரை இஞ்ச் கருங்கல் ஜல்லி, கிரஷர்ல உடைச்சு நேரா வந்தது, ஒவ்வொரு மூலையும் கத்தி. எறங்கி தள்ளியிருக்கலாம், தள்ளல. பின் டயர் ரெண்டு கல்லுக்கு நடுவுல எறங்கி வெளிய வர்றப்ப பக்கச்சுவர்ல ஒரு கீறல், விரல் நகம் அளவு. சீலன்ட் பீய்ச்சி அடிச்சு ஃப்ரேம், பாட்டில், என் சாக்ஸ் எல்லாம் வெள்ளை. அது அடைக்காது. ரோட்டத் தொடற உச்சிப் பக்கம் ஓட்டைன்னா பிளக், அதான் ஓட்டையில சொருகற அடைப்புத் திரி, நிக்கும், பக்கச்சுவர்ல வளைஞ்சு நெளிஞ்சு பிதுக்கி வெளிய தள்ளிடும். கடைசில உள்ள பத்து ரூபா நோட்ட மடிச்சு வெச்சு டியூப் போட்டு எறங்கினேன். டயர் போச்சு.

அமெரிக்காவுல கன்சாஸ்ல நடக்கற அன்பவுண்ட் கிராவல் ரேஸ்லயும் இதே கதைதான், அந்த ஃப்ளின்ட் ஹில்ஸ் கல்லு பக்கச்சுவர அறுக்கும், 200 மைல் ஓட்டறவன் அதுக்குத்தான் பயப்படுறான். இப்ப அங்க பல பேரு 2.1, 2.2 இஞ்ச் மவுண்டன் பைக் டயர் போட்டு ஓட்டறாங்க. நம்மளுக்கு ஃப்ரேம் எடம் தராது, ஆனா பாடம் ஒண்ணுதான். வாங்கும்போது ஒரே டயர் ரெண்டு மூணு கேசிங்ல, அதாவது டயர் உடம்புல, வரும், மெல்லிசு ஒண்ணு, தடிமன் ஒண்ணு. ஐம்பது நூறு கிராம் கூடினாலும் தடிமன எடுங்க. விமர்சனம் எழுதறவன் எல்லாம் மெல்லிசத்தான் புகழ்வான், அவனுக்கு டயர் சும்மா வருது.

டிபிஐ, அதாவது டயர் உடம்புல ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல்ங்கற நம்பரப் பாத்து ஏமாறாதீங்க. 120ன்னா நூல் மெல்லிசு, ரோட்டுல சொகுசு. 60ன்னா நூல் தடிமன், பொதுவா அடியும் தாங்கும்.

பிப்ரவரி 10

"கிராம் கணக்கு பாக்காதீங்கறீங்க, மலை ஏறும்போது நீங்க வந்து தள்ளுவீங்களா" — தம்பி, ஏறறதுக்கு முந்தின ராத்திரி அந்தக் கொத்து பரோட்டாவ கொறைங்க, சரியாப் போயிடும்.

பிப்ரவரி 16

மாட்டற கதை. வாங்கிட்டீங்கன்னு போட்டோ பாத்தேன், 40 எம்எம், சரி.

ரிம்ம ஸ்பிரிட் போட்டு எண்ணெய் இல்லாம துடைங்க. ஸ்போக் ஓட்டைய மூட ரிம்முக்குள்ள ஒட்டற டேப், ரிம் உள்ளகலத்தவிட மூணு நாலு எம்எம் அகலமா இருக்கணும், உங்க 21க்கு 24 இல்லன்னா 25. எலக்ட்ரீஷியன் டேப் சுத்தாதீங்க, நம்ம வெயிலுக்கு அதோட பசை இளகி நகந்து ஸ்போக் ஓட்டை தெரிஞ்சிடும், காத்து ஸ்போக் வழியா போகும், எங்க போகுதுன்னு தேடிக்கிட்டே கெடப்பீங்க. டேப்ப இழுத்து இழுத்து ஒட்டணும், வால்வுக்கு எதிர்ப்பக்கமா ஆரம்பிங்க.

டயர் விளிம்பு ஏறலன்னா லிவர் போட்டு நெம்பாதீங்க. ஏற்கனவே ஏறின பக்கத்த ரிம்மோட நடுப் பள்ளத்துக்கு அமுக்கித் தள்ளிக்கிட்டே வாங்க, அப்ப மேல கொஞ்சம் தளர்ச்சி கிடைக்கும், கையாலேயே ஏறும். கடைசி நாலு இஞ்ச் வால்வுக்கு எதிர்ல வர்ற மாதிரி வெச்சீங்கன்னா செத்தீங்க, வால்வு இருக்கற இடத்துல விளிம்பு பள்ளத்துக்குள்ள எறங்காது. அதனால வால்வுக்கு எதிர்ல ஆரம்பிச்சு, வால்வுலதான் முடிங்க.

விளிம்புல சோப்புத் தண்ணி தடவி, வால்வு கோர், அதாவது வால்வுக்குள்ள திருகி இருக்கற சின்ன பாகத்த கழட்டிட்டு வேகமா காத்து அடிங்க. டப்புனு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல இன்னொரு டப். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பாத்தா சரியா உக்காந்திருச்சுன்னு அர்த்தம். கைப் பம்புல உக்காரலன்னா பிரெஸ்டாங்கற இந்த ஒல்லி வால்வுக்கு ஒரு அடாப்டர் வாங்கி வெச்சுக்கிட்டு பஞ்சர் கடைக்குப் போங்க. "அண்ணே, நான் நிறுத்துன்னா நிறுத்துங்க"ன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

உக்காந்தப்புறம் வால்வு வழியா சீலன்ட், 40 டயருக்கு 60 மில்லி. போட்டு சக்கரத்த படுக்கப் போட்டு ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம். முதல் ராத்திரி காத்து கொஞ்சம் எறங்கும், பயப்படாதீங்க.

பிப்ரவரி 18

மோட்டார் சைக்கிள் டயருக்கு ஊத்துற பச்சை ஜெல் விலை கம்மியாச்சே, அத ஊத்தலாமா? வேண்டாம். அது கிளைக்கால்ங்கற (glycol) திரவத்துல நாரு கலந்த சமாச்சாரம், ஓட்டை வந்தா வந்து அடைக்கும். நம்ம டயர்ல பக்கச்சுவரே லேசா காத்து கசியும், அத பூசி மூட லேட்டக்ஸ் வேணும். 1999ல வந்த யுஎஸ்டிங்கற பழைய வகை டியூப்லெஸ் டயருக்கு உள்ளயே காத்து கசியாத லேயர் இருந்துச்சு, சீலன்ட் இல்லாமலே நிக்கும், ஆனா கனம். இப்ப வர்றதெல்லாம் டியூப்லெஸ் 'ரெடி' மட்டும்தான், மிச்ச வேலைய சீலன்ட் செய்யணும்.

பிப்ரவரி 18, ராத்திரி

மார்த்தாண்டம் நண்பர் ஒருத்தர் "எங்க தோட்டத்துலயே ரப்பர் பால் வடியுது, அமோனியா ஊத்தி வெச்சா கெட்டியாவாது, ஒரு பாட்டில் அனுப்பவா"ன்னு கேட்டிருக்காரு. சிரிப்பா இருந்தாலும் அடிப்படை அதுதான், பல சீலன்ட்டும் அமோனியா போட்ட ரப்பர் பாலும் உறைபடாம இருக்க கிளைக்காலும், ஓட்டைய அடைக்க துகளும்தான். வெளிநாட்டுல வீட்டுலயே கலக்கறவங்க இருக்காங்க. அண்ணே, அனுப்புங்க, முதல்ல உங்க டயர்ல ஊத்திட்டு போட்டோவோட அனுப்புங்க.

மார்ச் 2

காத்து எவ்ளோங்கறதுக்கு எல்லாரும் ஒரே நம்பர் எதிர்பாக்கறாங்க. 70 கிலோ ஆளுக்கு, 40 டயருக்கு, கரை ரோடுன்னா முன்னாடி 30 பிஎஸ்ஐ, பின்னாடி 34, அங்க ஆரம்பிங்க. தார் மட்டும்னா ரெண்டுலயும் ஆறேழு கூட்டுங்க. கல்லுல ஏறி ரிம் டங்குனு தட்டுச்சுன்னா ரெண்டு ஏத்துங்க, கை மரத்துப் போச்சுன்னா ரெண்டு எறக்குங்க. டயர் பக்கச்சுவர்ல எழுதியிருக்கறது உச்ச வரம்பு, அது அடிக்கச் சொன்னது இல்ல. கட்டைவிரலால அமுக்கிப் பாக்கற பழக்கத்த விடுங்க, 30க்கும் 40க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. சின்ன கேஜ் ஒண்ணு வாங்குங்க.

வெயிலையும் சேத்துக்கங்க. விடிகாலை 25 டிகிரில 40 அடிச்சது மத்தியானம் டயர் 45 டிகிரி ஆனா கிட்டத்தட்ட 44 காட்டும். வெடிக்காது, ஆனா கல்லுல துள்ளும்.

ஏப்ரல் 27

எங்கடா பிரச்சினைனு பாத்தா வெயில்தான். கேள்வி கேட்டவரே எழுதியிருக்காரு, பின் டயர் ஓட்டாம ஒரு மாசமா நின்னுது, இப்ப காலைல அடிச்சா சாயங்காலம் தரையில உக்காருது.

சீலன்ட் காஞ்சிருக்கும். பாக்கெட்ல ரெண்டுல இருந்து ஆறு மாசம்னு எழுதியிருக்கும், அந்த ஆறு மாசம் ஐரோப்பாக்காரனுக்கு. நம்ம சித்திரை வெயில்ல மாடியில ஷெட்ல நிறுத்தினா ரெண்டு மாசம்னே வெச்சுக்கங்க. ஒரு பக்கம் விளிம்ப எறக்கிப் பாருங்க, உள்ள பால் ஆடை மாதிரி மெல்லிசா ஒட்டிக்கிட்டிருக்கும், குலுக்கினா ஒரு சொட்டு சத்தம் வராது. ஆடைய உரிச்செடுத்துட்டு புதுசா ஊத்துங்க. வால்வு கோர்லயும் அடைச்சிருக்கும், கோர் சின்ன சாமான், ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கி வைங்க. நிறுத்தி வெக்கறவங்க வாரம் ஒரு தடவ சக்கரத்த சுத்தி விடுங்க, அடியில தேங்கி காயாது.

அதனால பிப்ரவரில நான் சொன்னதுல ஒரு திருத்தம்: சந்தேகமே இல்லன்னு சொன்னது வாரா வாரம் ஓட்டறவனுக்கு. மாசத்துல ஒரு தடவ வண்டி எடுக்கறவன் டியூப்லெஸ் பக்கம் வராதீங்க, டிபியுங்கற மெல்லிசு பிளாஸ்டிக் டியூப் ரெண்டு வாங்கி போட்டு நிம்மதியா இருங்க. கனமும் கம்மி.

மே 4

வழியில மாட்டிக்கிட்டா டியூப் போட்டுட்டு வரலாம்ல? வரலாம், ஒண்ணு செஞ்சுட்டு. மாசக்கணக்கா ஓட்டின டியூப்லெஸ் டயர் உள்பக்கம் தடவினீங்கன்னா முள்ளு முனை அங்கங்க நீட்டிக்கிட்டு நிக்கும், இதுநாள் வரைக்கும் அதெல்லாம் சும்மா இருந்துச்சு, டியூப் போட்ட நொடியில எல்லாம் ஒரே நேரத்துல வேலைக்கு வரும். விரலால தடவாதீங்க, ரத்தம் வரும். பழைய பனியன் துணி எடுத்து உள்ள சுத்தி இழுங்க, எங்க சிக்குதோ அங்க முள்ளு, வெளிப்பக்கமா புடுங்கிப் போடுங்க. பொறுமை வேணும், அந்த வெயில்ல கல்லணை ரோட்டுல ஒரு புளியமரம் தேடிக்கங்க.

மோட்டார் சைக்கிள் டயருக்கு பஞ்சர் கடைல சொருகுற அந்தப் பிரவுன் ஸ்ட்ரிப், நமக்கு தடிமன் ஜாஸ்தி. அவசரத்துக்கு நீளவாக்குல ரெண்டாக் கிழிச்சு சொருகலாம். அந்த முரட்டு ரம்ப ஊசிய அண்ணன் கையில குடுத்துட்டா ஓட்டைய மூணு மடங்கு ஆக்கிடுவாரு. சைக்கிளுக்குனே மெல்லிசா பிளக் வருது, சீட்டுக்கு அடியில எடமே எடுக்காது.

காத்தடிக்க சிஓ2 கேஸ் சிலிண்டர் வெச்சிருக்கறவங்க கவனம், சில லேட்டக்ஸ் சீலன்ட்ட அது கட்டியாக்கிடும். வீட்டுக்கு வந்து அந்தக் காத்த விட்டுட்டு பம்ப்ல அடிச்சுக்கங்க.

மே 4, ஒரு சின்ன சண்டை

650பிங்கற, 700சியவிட சின்ன சக்கரத்துல 47 எம்எம் டயர் போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் ரெண்டு நாளா எழுதறாரு. கணக்கு சரிதான், 650பி ரிம் 584 எம்எம், 700சி ரிம் 622: 584 ப்ளஸ் ரெண்டு 47 மொத்தம் 678, 622 ப்ளஸ் ரெண்டு 28ம் அதே 678, அதாவது ரோடு பைக் சக்கர உயரத்துலயே குண்டு டயர். ஓட்டவும் சொகுசு. ஆனா ஒரு டயர் கிழிஞ்சா திருச்சியில எந்தக் கடையில அந்த சைஸ் வாங்குவீங்க? ஆர்டர் போட்டு வர்ற வரைக்கும் வண்டி சுவத்துல சாஞ்சிருக்கும். 700ன்னா கடைசிக்கு எதையாவது மாட்டி வீடு வந்து சேரலாம்.

ஜூன் 22

மேட்டூர் தொறந்து கல்லணைக்கும் தண்ணி வந்தாச்சு, கரை ரோடு ஓரமா ஈரம். இப்பவே சொல்லி வைக்கறேன், ஐப்பசி மழையில இந்தப் பக்கம் களிமண்ணு வேற மாதிரி ஆயிடும். பட்டன் டயர் மண்ண கவ்வி எடுத்து ஃபோர்க்குக்கு நடுவுல அடைக்கும், சக்கரம் சுத்தாது, வண்டிய தோள்ல தூக்கணும். எந்தப் பட்டனும் அங்க உதவாது, டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடம்தான் உதவும்.

42 வரைக்கும் இடம் இருக்குனு கம்பெனி போட்டிருந்தா காஞ்ச நாளுக்கு 42, சரி. 38ல இருந்து 42 வரைக்கும் எதுவும் சரின்னு நானும் பிப்ரவரில சொன்னேன். மழை மாசத்துக்கு மட்டும் 38 போதும்னு இப்ப தோணுது. டயர்ல எழுதியிருக்கற அளவையும் நம்பாதீங்க, ரிம் அகலமானா அதே 40 டயர் அகலம் ஜாஸ்தியா காட்டும், காத்தடிச்சு ஒரு நாள் கழிச்சு வெர்னியர் வெச்சு அளந்து பாருங்க.

ஜூன் 23

முன்னாடி பின்னாடி வேற வேற டயர் போடலாமான்னு கேட்டவருக்கு: தாராளமா. பின்னாடி வெயிட்டு ஜாஸ்தி, சீக்கிரம் தேயறதும் அதுதான், முன்சக்கரம் நிமித்தி விட்ட முள்ளு குத்தறதும் அதுலதான். தடிமனான மொட்டை பின்னாடி, பட்டன் வெச்சது முன்னாடி. பின்னாடி வழுக்கினா சமாளிச்சுடலாம், முன்னாடி வழுக்கினா தாடைதான்.

புதுசா ஒரு ஜோடி வாங்காதீங்க. பின் டயர் தேஞ்சதும் அதுக்கு மட்டும் ஒண்ணு வாங்குங்க. மாட்டறப்ப வால்வோட நட்ட ஸ்பேனர் போட்டு முறுக்காதீங்க, கையால போதும், நடுரோட்டுல கழட்ட வேண்டி வரும்.